வானவன்மாதேவி ஈஸ்வரம்: கல்லும் சமூகமும்

பொலனறுவை அழிபாடுகளிடையே இரண்டாம் சிவதேவாலயத்தைக் காணச் செல்வோரை முதலில் ஈர்ப்பது, செங்கற் கட்டடங்கள் மலிந்த அந்நகரில் அது கல்லாலேயே எழுந்து நிற்பதாகும். அளவிற் சிறிய கோயில். அரைத்தூண்களும் கோட்டங்களும் கொண்ட சுவர்கள், அவற்றின்மேல் விமானம் என அதன் அமைப்பு சோழநாட்டு மரபினது. 11ஆம் நூற்றாண்டுக்குரிய இதனைச் சாசனம் வானவன்மாதேவி ஈஸ்வரம் என்கிறது. சோழ அரசி ஒருவரின் பெயரே அது என்பது அறிஞர் பலரின் கருத்தாகும்.

இக்கோயில் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒரு சாரார் இதனைத் தமிழரின் பெருமைச் சின்னமாகப் போற்றுவர். மறுசாரார் அந்நிய ஆக்கிரமிப்பின் எச்சமாகக் காண்பர். எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரு நோக்குகளும், அரசனையும் இனத்தையும் ஒன்றெனக் கொள்வதில் உடன்படுகின்றன. திருகோணமலைக்கு அணித்தான வெல்கம் விகாரை சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றமையும், அங்கு தமிழ்க் கொடைச் சாசனங்கள் கிடைத்தமையும் இவ்வெளிய சமன்பாட்டை மறுக்கப் போதுமானவை.

கல்லை விளக்கக் கல்லெழுத்தையே நாடவேண்டும். 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் சாசனங்கள், ஈழத்து ஊர்களின் வருவாய் அக்கோயிலுக்கு ஒதுக்கப்பட்டதைக் கூறுகின்றன. பிற கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் அங்குக் கொண்டுவரப்பட்டதையும், அவர்க்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக வகுக்கப்பட்டதையும் அவையே தெரிவிக்கின்றன. அந்நெல்லை விளைவித்த உழவர் யாவர்? கோயிலைச் சமைத்த தலைமைச் சிற்பியின் பெயர் கிடைக்கிறது. அதுவும் ‘இராசராசப் பெருந்தச்சன்’ என அரசனின் பெயரைச் சுமந்தே நிற்கிறது. கல் உடைத்தோர்க்கும் இழுத்தோர்க்கும் அதுதானும் இல்லை.

ஆகவே, பொலனறுவைக் கோயிலின் கட்டடக்கலையழகை ஏற்பதோடு திறனாய்வு அமைந்துவிடலாகாது. 993 அளவில் தொடங்கி 1070இல் முதலாம் விஜயபாகு பொலனறுவையைக் கைப்பற்றியதோடு முடிவுற்ற சோழராட்சியில், இருமருங்கும் உழைத்தோரின் உபரி எவ்வாறு கல்லாயிற்று என்பதே நம் வினா. அவ்வினாவுடன் அச்சுவர்களை அணுகுவோர்க்கு அவை எவ்வினத்தின் வெற்றியையும் பறைசாற்றா. பெயரற்ற கரங்களின் திறனையே காட்டிநிற்கும்.