கொலுசு சொன்ன காதல்

காதல் படமென்றால் வசனத்தைத்தான் கொண்டாடுகிறோம்; கையில் கிடக்கும் சின்னப் பொருளை யாரும் கவனிப்பதில்லை. மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) படத்தில் வரும் வெள்ளிக் கொலுசு எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. புது மனைவிக்குக் கணவன் ஆசையாக வாங்கித் தருகிறான். அவள் கேட்பதோ விவாகரத்து. கொலுசு சீண்டப்படாமல் கிடக்கிறது, கதையும் அவசரப்படாமல் காத்திருக்கிறது.

மனம் கனிந்ததும் மனைவியாக வரும் ரேவதி அதை வாயால் சொல்வதில்லை. ஒதுக்கிய கொலுசைக் காலில் மாட்டிக்கொண்டு வருகிறார். பூனைநடையாய் ஒரு சலங்கைச் சிணுங்கல், வெட்கமும் வீம்பும் கலந்த நடை. கணவனாக வரும் மோகனோ அவர் அன்று கேட்ட விவாகரத்துப் பத்திரத்தை நீட்டுகிறார். ஒருவர் ஆசையை மற்றவர் நிறைவேற்றுகிறார், ஆனால் காலம் தப்பி! ஒரே பொருளை மறுப்பாகவும் சம்மதமாகவும் பேசவைக்கிற அந்தப் பொறுமைதான் திரைக்கதையின் கைப்பக்குவம்.