கூடைப்பந்தும் கங்காணித் துண்டும்

மலையகத்தில் 'ஆட்சேர்ப்பு' என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்ற கங்காணி, வறுமையாலும் சாதிக் கொடுமையாலும் நொந்திருந்த மக்களிடம் ஆசைவார்த்தை கூறி, முன்பணம் கொடுத்து, அவர்களை இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துவந்தான். முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. அவன் வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், கடன்தொகையைக் குறித்த 'துண்டு' ஒன்றைத் துரை வழங்குவார். அத்தொகையைக் கட்டும் தோட்டமே அவனைப் பெற்றுக்கொள்ளும். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டுமுறை ஒழிந்தது. முறை ஒழிந்ததேயன்றி, அதன் பின்னிருந்த சிந்தனை ஒழிந்துவிட்டதா?

1994இல் வெளிவந்த 'ஹூப் டிறீம்ஸ்' என்னும் அமெரிக்க விவரணப்படம் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது. ஸ்ரீவ் ஜேம்ஸ் நெறிப்படுத்திய இப்படம், சிக்காகோ நகரின் வறிய கறுப்பினக் குடியிருப்புகளிற் பிறந்த ஆதர் ஏஜீ, வில்லியம் கேற்ஸ் என்னும் இரு சிறுவர்களை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பின்தொடர்கின்றது. தெருவோரத் திடலிற் பந்தாடிக்கொண்டிருந்த ஆதரை, திறமை தேடித் திரியும் ஒருவர் கண்டெடுக்கின்றார். புறநகரிலுள்ள சென். ஜோசப் என்ற தனியார் உயர்நிலைப் பள்ளி அவனையும் வில்லியமையும் சேர்த்துக்கொள்கின்றது. புகழ்பெற்ற ஆட்டக்காரரான ஐசையா தோமஸ் பயின்ற பள்ளி அது. அவரைப் போல நீயும் ஆகலாம் என்பதே அங்கு காட்டப்படும் ஆசை. போகவர நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் பயணத்திலேயே கழிகின்றது.

வில்லியமின் ஆட்டம் பள்ளியின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுகின்றது. அவனது கட்டணத்தை ஏற்க ஒரு புரவலரும் கிடைக்கின்றார். ஆதரின் வளர்ச்சியோ மெதுவானது. கட்டணம் உயர்கின்றது, பெற்றோர் வேலையிழக்கின்றனர், ஆண்டின் நடுவிலே அவன் பள்ளியை விட்டு வெளியேற நேர்கின்றது. நகரத்து அரசாங்கப் பள்ளியொன்றிற் சேர்ந்த பின்னரும் தொல்லை தீரவில்லை. பழைய பள்ளியிற் படித்த காலத்துக்குரிய சான்றுப் பத்திரங்கள், கட்டணப் பாக்கி தீரும்வரை கைக்கு வரமாட்டா. அவையின்றேல் அவன் படிப்பை முடித்ததாகக் கொள்ளப்படமாட்டான். பெற்றோர் தவணை முறையிற் கடனடைக்க இணங்குகின்றனர்.

படத்தின் உயிர்நிலை இக்காட்சியே என்பது என் துணிபு. பந்து கூடைக்குள் விழும் காட்சிகள் பல வந்து போகின்றன. அவை நம்மை இருக்கை நுனிக்கு இழுப்பதும் உண்மையே. ஆனால், அழைத்தவன் வைத்த கடனுக்காக அழைக்கப்பட்டவனின் எதிர்காலம் அடகாக நிற்பதை, மேசையின் இருபுறமும் அமர்ந்தோரின் சாதாரணப் பேச்சினூடே இக்காட்சி காட்டிவிடுகின்றது. அட்லாந்திக்குக்கு அப்பால், எழுபதாண்டுகளுக்குப் பின்னர், அதே துண்டு!

படத்தின் குறையையும் கூறவேண்டும். இச்சிறுவர்கள் ஏன் இவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதற்கான காரணத்தை அது தனிமனிதரின் குணத்திலே தேடவைத்துவிடுகின்றது. கடுமையான பயிற்றுநர் ஒருவரை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம். நிறுவனத்தின் வரலாறு படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் 1950களில் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற தொடரைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தது. காயமுற்ற ஆட்டக்காரர் தொழிலாளராகக் கருதப்பட்டு நட்டஈடு கேட்டுவிடக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பதை, அச்சங்கத்தின் தலைமை நிருவாகியாயிருந்த வால்ற்றர் பையேர்ஸ் 1995இல் தமது நூலில் ஒப்புக்கொண்டார். 1955இல் ஆட்டக்களத்தில் அடிபட்டு இறந்த ஒரு மாணவனின் மனைவி கேட்ட நட்டஈட்டை, கொலராடோ உயர்நீதிமன்றம் 1957இல் மறுத்தது. மாணவன் என்ற கௌரவப் பெயர் உழைப்பாளியின் உரிமையைப் பறிக்கும் கருவியாயிற்று. நீண்ட வழக்குகளின் பின்னர், 2025இலேதான் கல்லூரிகள் ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி பிறந்தது.

இது முதலாளித்துவ அமெரிக்காவின் நோய், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடவும் இயலாது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிற் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜனின் கதையை நோக்குக. ஓடும் திறமையே அவருக்குப் பள்ளியிற் சோறும் கல்லூரியில் உதவித்தொகையும் தந்தது. 2006 டிசம்பரில் டோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடியபோது உரிமை கொண்டாடியவர்கள் விழுந்தபோது எங்கே போயினர்? 2012இல் அவர் மீண்டும் செங்கற்சூளையிற் கூலிவேலை செய்துகொண்டிருந்தார். பயிற்றுநர் பதவி கிடைத்ததெல்லாம் நெடுநாட் போராட்டத்தின் பின்னரே.

ஆகவே வறிய பிள்ளைகளை விளையாட்டுக்காகச் சேர்ப்பதே தீது என்று நான் கூறவரவில்லை. பூனாகலை போன்ற ஒரு தோட்டத்தில், லயத்து அறையிற் படிக்க மேசையும் ஓடச் சமதரையும் இல்லாத பிள்ளைக்கு, நகரக் கல்லூரியின் அழைப்பு ஒரு கதவு. அதை அடைத்துவிடும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும் இல்லை. அழைப்பின் நிபந்தனைகளைக் கேட்கும் கடமையோ நிச்சயமாக உண்டு. விடுதிச் செலவு எத்தனை ஆண்டுக்கு? காலொடிந்தாலும் அது தொடருமா? பயிற்சியால் தவறும் பாடங்களை யார் கற்பிப்பார்? பிள்ளை திரும்பிவர விரும்பினால் விடுகைப் பத்திரம் தடையின்றிக் கிடைக்குமா? இவற்றுக்கான விடைகளை எழுத்திற் பெற்ற பின்னரே பெற்றோரின் கையொப்பம் இடப்படவேண்டும். கங்காணியிடம் இக்கேள்விகளைக் கேட்க நம் முன்னோருக்கு எழுத்தறிவு இருக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

ஆதரோ வில்லியமோ அமெரிக்காவின் பெரும் தொழின்முறை அரங்கை எட்டவில்லை. புகழ் பெற்றால் எங்களை மறந்துவிடாதே என்று பலரும் தன்னிடம் சொல்வதாகவும், தான் வெல்லாமற் போனால் அவர்கள் தன்னை மறவாதிருப்பார்களா என்று கேட்டிருக்கவேண்டும் எனவும் வில்லியம் படத்தின் இறுதியிற் கூறுகின்றான். ஆதரின் தாயோ வறுமையினூடே தாதி உதவியாளர் படிப்பை முடித்து, வகுப்பில் முதன்மையாகத் தேறுகின்றார். அவரைத் தேடி எந்தக் கல்லூரியின் ஆளும் வரவில்லை. அரங்கின் ஆரவாரமும் இல்லை. அந்தத் தாய் கண்ணீர்விட்டு மகிழும் சில கணங்களுக்காகவே நமது உயர்தர வகுப்பு மாணவருக்கு இப்படத்தைக் காட்டலாம். அதன்பின் துண்டுமுறை பற்றிய பாடத்தைத் தொடங்கலாம்.