வாலில் தெரியும் வித்தை

ஒரே சொல்லைக் கேட்டு இரண்டு நாய்கள் உட்காருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, காதுகளைப் பின்னுக்கு மடித்து, நாக்கால் மூக்கை ஒரு தரம் நக்கிக்கொண்டு, எஜமானின் கையிலுள்ள சங்கிலியைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே பின்பாகத்தை மெல்ல மெல்லத் தரைக்கு இறக்குகிறது. மற்றொன்றோ, சொல் வாயைவிட்டு வெளிப்பட்டு முடிவதற்குள் பொத்தென்று அமர்ந்து, மார்பை நிமிர்த்தி, வாலால் புழுதியைப் பெருக்கிக்கொண்டு, 'அடுத்தது என்ன?' என்று கேட்கிற பாவனையில் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது. நடந்த காரியம் ஒன்றேதான். பரீட்சைக்கு வந்த அதிகாரி யாராவது இருந்தால் இரண்டுக்கும் ஒரே மார்க்கைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால், நாய் பழக்கும் வித்தையில் கொஞ்சமாவது ருசி கண்டவர்களுக்கு அந்த முதல் நாயைப் பார்க்கச் சகிக்காது. பயந்து பணிகிற பிராணியை உண்டாக்குவதற்கு, கையில் பிரம்பும் நெஞ்சில் கொஞ்சம் கல்லும் இருந்தால் போதும். சந்தோஷத்தோடு பணிகிற பிராணியை உண்டாக்கக் கலைஞன் ஒருவன் வேண்டியிருக்கிறது.

பிரம்பு வழிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய கையேடு, நிர்ப்பந்தத்துக்குப் பெரிய இடம் கொடுத்து, நெடுங்காலம் பிரமாண நூலாக விளங்கியது. பிறகு 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் ஆராய்ச்சியாளர், சுவிட்சர்லாந்தின் பாஸல் நகர மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களின் பூசல்களை விஸ்தாரமாக எழுதப் போக, நாம் நாய்க்குத் தலைவனாக இருந்து அடக்காவிட்டால் நாய் நமக்குத் தலைவனாகிவிடும் என்றொரு நம்பிக்கை அதிலிருந்து கிளம்பி ஊரெல்லாம் பரவிற்று. உறவில்லாத ஓநாய்களை ஒரே கொட்டிலில் அடைத்தால் அவை சண்டை போடாமல் வேறென்ன செய்யும்? காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் குட்டிகளும் சேர்ந்த ஒரு குடும்பம்தான் என்பதை, தலைவன் கதையைத் தம் 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்தின் மூலம் பிரபலமாக்கிய டேவிட் மீச் அவர்களே 1999-இல் எடுத்துரைத்துத் திருத்திவிட்டார். இருந்தும், குட்டியை மல்லாத்திப் போட்டு அமுக்கி, 'நான்தான் இங்கே பெரியவன்' என்று அதற்குப் புத்தி புகட்டும் மனிதர்கள் இன்னும் குறைந்தபாடில்லை. குட்டிக்கு அதிலிருந்து விளங்குவதெல்லாம், இந்த மனிதருக்கு அவ்வப்போது ஏதோ பிடித்துக்கொள்கிறது என்பது ஒன்றுதான்.

சாந்தமான வழியின் பூர்வீகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது: அதன் பெரும்பகுதி கடலிலிருந்து கரையேறி வந்தது. ஸ்கின்னர் என்னும் மனோதத்துவப் பேராசிரியரிடம் பயின்ற கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதிகள் கோழி முதலிய பிராணிகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டார்கள்; 1960-களில் ஹவாய்த் தீவில் கேரன் பிரையர் என்ற பெண்மணி டால்ஃபின்களைப் பழக்கினார். டால்ஃபினுக்குக் கழுத்துப்பட்டை கட்ட முடியாது, அதட்டினால் அது காதில் போட்டுக்கொள்ளாது, மனம் கசந்தால் ஒரே வீச்சில் நீந்திக் குளத்தின் மறு கரைக்குப் போய்விடும். ஆகவே, அது நாம் விரும்புகிறதைச் செய்யும் கணத்தில் ஒரு விசில், விசிலைத் தொடர்ந்து ஒரு மீன் என்பதைத் தவிர அங்கே வேறு கதியே இல்லை. தண்டிக்க வகையில்லாத இடத்தில் பிறந்ததனாலேயே இந்த முறைக்கு இத்தனை நயம் ஏற்பட்டது என்பது என் அபிப்பிராயம். அந்த அம்மையார் 1984-இல் எழுதிய நூல், பிற்காலத்தில் நாய் வளர்ப்பவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

விசிலின் இடத்தில் நாய்க்கு ஒரு சிறு சத்தம் போதும். ஸ்கின்னர் 1951-இல் எழுதிய ஒரு கட்டுரையில், அமுக்கினால் 'டிக்' என்று ஓசை எழுப்பும் குழந்தைகளின் தகரப் பொம்மையையே இதற்குச் சிபாரிசு செய்திருக்கிறார்; இன்று கிளிக்கர் என்று கடையில் விற்பது அதன் வாரிசுதான். முதலில் அந்த ஓசைக்கு நாயிடம் எந்த அர்த்தமும் கிடையாது. ஓசை கேட்டவுடன் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று வாய்க்கு வரும் என்பது பலமுறை நிகழ்ந்த பிறகு, அது 'இதுதான், இதையேதான் கேட்டேன்' என்று பொருள்படும் ஒரு பாஷையாகிவிடுகிறது. இங்கேதான் வித்தையின் உயிர் நிலை இருக்கிறது. பாட்டில் எடுப்பு விழ வேண்டிய இடம் எப்படி மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டுமோ, அப்படியே இந்த ஓசையும் நாயின் பின்பாகம் தரையைத் தொடுகிற அந்தக் கணத்தில் விழ வேண்டும். அரை நொடி தாமதித்தால் நாய் எழுந்திருக்க எத்தனிக்கும்போது விழும். எழுந்ததற்குச் சன்மானம் பெற்ற நாய் மறுபடி எழுவதில் என்ன குற்றம்? எழுந்துவிட்ட நாயைக் கோபிக்கிற பெரும்பாலோர், தம்முடைய காலப் பிரமாணத்தைக் கொஞ்சம் சோதித்துக்கொண்டால் நாய்களுக்கு எவ்வளவோ நல்லது.

தின்பண்டத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. பிஸ்கட்டை முன்னால் நீட்டி ஆசை காட்டி, நாய் வந்த பிறகு அதைக் கொடுப்பவர் லஞ்சம் கொடுக்கிறார். செயல் முதலில் நிகழ்ந்து சன்மானம் பின்னால் வருவதே முறை. பழகிய பிற்பாடு ஒவ்வொரு தரமும் கொடாமல், எப்போது வரும் என்று தெரியாதபடி இடையிட்டுக் கொடுப்பவரே தேர்ந்தவர். வீட்டில் தாத்தா 'உக்காரு' என்றும், பேரன் 'சிட்' என்றும், பாட்டி 'சனியனே, சும்மா இரு' என்றும் ஏககாலத்தில் மூன்று கட்டளைகளைப் பிறப்பித்துவிட்டு, நாய்க்கு மூளை போதாது என்று தீர்மானித்துவிடுகிற குடும்பங்களைப் பற்றி இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை.

ஆனால் ஈரலைக் காட்டிலும் உயர்ந்த சன்மானம் விளையாட்டு. அதிலும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் கரிசல் சீமை நாய்களிடம் இதைப் பார்க்க வேண்டும். முயலைக் கண்ணால் கண்டு காற்றாய்த் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வம்சம் அது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு இடமில்லை. கால்களில் மட்டும் அந்தப் பழைய தாகம் அப்படியே தங்கியிருக்கிறது. தவிரவும், ஒரு தரம் அதட்டினால் வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடுகிற சங்கோசம் இவற்றில் பலவற்றுக்கு உண்டு. பிரம்பெடுத்தவர் இவற்றிடம் ஒன்றையும் பெற முடியாது.

கோவில்பட்டிக்கு மேற்கே, சோளத்தட்டைப் படப்பின் ஓரமாக, ஒரு பெரியவர் தம்முடைய சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்றுக்கு 'விடு' என்கிற பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். செவலை நிறம், ஒட்டிய வயிறு, கூர்ந்த முகம், சாட்டை போன்ற வால். மூங்கில் கம்பின் நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு சாக்குக் கிழிசல். இவ்வளவுதான் அவருடைய உபகரணங்கள். கிழிசல் புழுதியில் வளைந்து வளைந்து ஓட, பெட்டை இரண்டே பாய்ச்சலில் அதைக் கவ்வி உலுக்கிற்று. பெரியவர் நெருங்கிப் போய்த் துணியைப் பற்றி, சற்று நேரம் இழுத்து விளையாடிவிட்டு, பிடித்த கையைத் தொடையோடு சேர்த்து அசைவற வைத்துக்கொண்டு, 'விடு' என்று ஒரே ஒரு தரம், சாதாரணக் குரலில் சொன்னார். பெட்டை இழுத்துப் பார்த்தது. துணியில் உயிர் இல்லை. மறுபடியும் இழுத்தது, கண்ணை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தது. தாடை சற்றே தளர்ந்தது. துணி இன்னும் கீழே விழவில்லை, பல்லின் பிடி மட்டும் இளகியது. அந்த இளக்கத்திலேயே நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று ஓசை எழுப்பி, துணியை வெடுக்கென்று உருவித் திரும்பவும் ஓடவிட்டார்! அடுத்தடுத்த ஆட்டங்களில் அந்தப் பெட்டை, சொல்லைக் கேட்டதும் வாயைத் திறந்து இரண்டு அடி பின்வாங்கி, முன்கால்களைத் தரையோடு தாழ்த்திப் பின்பாகத்தை உயர்த்தி நின்றது. நாய்கள் ஒன்றையொன்று விளையாட்டுக்கு அழைக்கிற வந்தனம் அது. 'விடு' என்பது பறிகொடுக்கும் சொல்லாக இல்லாமல், ஆட்டத்தை மீண்டும் துவக்கிவைக்கிற சொல்லாக அதற்கு ஆகிவிட்டது.

"புடுங்கினா இன்னும் இறுக்கிப் பிடிக்கும், தம்பி. துணி செத்துப் போச்சுன்னா தானா விட்டுரும்" என்றார் அவர்.

இழுத்து விளையாடி நாயை ஜெயிக்கவிட்டால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்வாருண்டு. இங்கிலாந்தில் ரூனி, பிராட்ஷா என்ற இருவர் 14 கோல்டன் ரிட்ரீவர் நாய்களை வைத்துச் சோதித்து 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, ஜெயித்தாலும் தோற்றாலும் அவற்றின் சுபாவத்தில் அப்படிப்பட்ட கர்வம் எதுவும் தலைகாட்டவில்லை. விளையாடிய பின் அவை முன்னிலும் அதிகமாக மனிதர் சொல்லைக் கவனித்தன. பெரியவருக்கு இந்தச் சோதனை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால், பெட்டைக்கு ஆசை உச்சத்தில் இருக்கும்போதே, அது சலித்துப் படுப்பதற்கு வெகு முன்னதாகவே, ஆட்டத்தை நிறுத்திக் கயிற்றைச் சுருட்டிவிட அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு நிதானம், வித்தை கற்றவர்களில் பாதிப் பேருக்குக் கைவருவதில்லை.

எல்லாவற்றிலும் அரிது, தூரத்தில் ஓடும் வேட்டை நாயைத் திரும்ப அழைப்பது. அதற்கு அவர் சொல்லிக் கொடுத்திருந்த விதமும் ரசிக்கத்தக்கது: பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நாயை நோக்கி ஒரு அடியும் வைக்காமல், முதுகைக் காட்டி எதிர்த்திசையில் தாமே ஓடுவார், துரத்தப் பிறந்த பிராணி அவரைத் துரத்திக்கொண்டு வரும். அன்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு கீரி வரப்பைத் தாண்டிக் குறுக்கே பாய, பெட்டை பின்னாலேயே பறந்துவிட்டது. அவர் கூப்பிட்டார், ஓடினார். பெட்டை திரும்பிப் பார்த்தது, தயங்கிற்று, பிறகு கீரியின் பக்கமே இன்னும் கொஞ்ச தூரம் போய், அது உடைமரப் புதருக்குள் மறைந்த பிறகுதான் நாலுகால் பாய்ச்சலில் வந்து சேர்ந்தது. பெரியவர் முகத்தில் சுளிப்பில்லை. மடியிலிருந்து ஈரலை எடுத்து, ஒன்றுக்கு மூன்று துண்டாகக் கொடுத்தார். பிந்தி வந்த நாய்க்கு இத்தனை உபசாரமா என்று கேட்டேன்.

"வந்துருச்சுல்ல" என்றார், கையைத் துடைத்துக்கொண்டு.