பாலர் சபையும் சிறுவர் உழைப்பும்: ‘எனது நாடக வாழ்க்கை’ பற்றிய ஒரு நோக்கு

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோரிற் பலர், மேடையில் புகழீட்டிய சிறுவரைப் ‘பிறவி மேதை’ என்ற சொல்லால் விளக்கி அமைந்துவிடுகின்றனர். அம்மேதைமை எத்தகைய உழைப்பு உறவுகளுள் உருவாயிற்று என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, தி. க. சண்முகம் (1912–1973) எழுதி 1972இல் வெளியான ‘எனது நாடக வாழ்க்கை’ முதன்மையான ஆவணமாகும்.

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, பெண்வேட நடிகரான கண்ணுசாமிப்பிள்ளை தம் மைந்தர் மூவரை அதிற் சேர்த்தார். அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. வளர்ந்த நடிகர்கள் பாடத்துக்குக் கட்டுப்படாது மேடையிலேயே வாதிட்டு நின்றமையாற் சலிப்புற்றே சுவாமிகள் சிறுவரை நாடினார் என்பர். இது கலையொழுங்கு பற்றிய அக்கறையே, ஐயமில்லை. ஆயினும், சொன்னதைச் செய்யும் சிறுவன் முதலாளிக்கும் உகந்த உழைப்பாளி என்பதை மறத்தலாகாது. பாய்ஸ் கம்பெனிகள் தமிழகமெங்கும் பல்கியமைக்கு இவ்விரு காரணங்களும் ஒருங்கே துணைநின்றன.

சபை சிறுவனுக்கு உணவும் உறையுளும் பயிற்சியும் தந்தது. அவன் குரலைத் தனதாக்கிக்கொண்டது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பாடும் வேடம் கைநழுவும். அவ்வாறு ஒதுங்கியோர் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. புகழ்பெற்ற சிலரின் நினைவுகளே எஞ்சுகின்றன.

இதனை நம் நாட்டுக் கூத்து மரபோடு ஒப்பிடுதல் பயனுடையது. விடத்தல்தீவை உள்ளடக்கிய மன்னார்க் கரையோரத்தின் கத்தோலிக்க நாடக மரபில், உழவரும் கடற்றொழிலாளருமே அண்ணாவியாரிடம் பழகி ஆடினர். ஆடியவர் விடிந்ததும் வயலுக்கோ கடலுக்கோ திரும்பினார். கூத்து அவருக்குச் சீவனோபாயமன்று. இம்மரபும் சாதிப் பாகுபாட்டிலிருந்து விடுபட்டிருக்கவில்லை. எனினும் அங்கே குரல் விலைப்பொருளாகவில்லை. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவை தொடங்கியபின் இக்கரை வழியாகவும் தமிழக நாடகக் குழுக்கள் இலங்கைக்கு வந்தன. கட்டணம் பெற்று ஆடும் அரங்கு ஊர்க்கூத்தின் அயலுக்கே வந்துசேர்ந்தது.

சண்முகத்தின் நூலில் நன்றியுணர்வே மேலோங்கி நிற்கிறது. அவருக்காகச் சுவாமிகள் நான்குமணி நேர அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதிய செய்தியை நெகிழ்ந்துரைக்கிறார். அந்நெகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அதை எழுதுபவர் யார்? 1925இல் சகோதரர்கள் பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினர். சபையில் உழைத்த சிறுவர் தாமே சபை உரிமையாளராயினர். வேறு சிறுவர் அவர்களிடம் வந்து சேர்ந்தனர். எனவே, உழைத்தவனின் நினைவும் நடத்துநனின் நியாயமும் நூலில் ஒரே குரலாய் ஒலிக்கின்றன. கண்டிப்பு ‘குருகுல ஒழுக்கம்’ எனப் பெயர் பெறுவதன் காரணம் இதுவே.

சண்முகத்தின் சாதனையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. தேசிய, சமூக நாடகங்களை மேடையேற்றியும், ஆணாயிருந்து அவ்வையாராக நடித்தும் அவர் தமிழரங்கை வளர்த்தார். அச்சாதனைக்கு அடித்தளமிட்ட சிறுவர் உழைப்பையும் கணக்கில் எடுக்கும்போதே நாடக வரலாறு மக்கள் வரலாறாகும். பெயரற்று ஒதுங்கிய அச்சிறுவரைத் தேடுவது ஆய்வாளர் கடன்.