கொடுப்போர் இல்லாத கரணம்: நேட்டால் மூதாயரின் மணவாழ்வும் அதனை எழுதும் முறையும்

ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தோரின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் தம் குடிவரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கியுள்ளனர். இவ்வகை எழுத்துகளைப் படிக்குந்தோறும் ஓரிடத்தில் நடை தடுமாறுவதைக் காண்கிறேன். கப்பற்பயணம், கரும்புத் தோட்டம், கூலி, நோய் ஆகியவற்றுக்கு ஆவணம் உண்டு. முதல் தலைமுறை ஆணும் பெண்ணும் எவ்வாறு கூடினர் என்பதற்கோ ஆவணம் இல்லை. அவ்விடத்தை எழுதுவோர் பெரும்பாலும் பக்தியால் நிரப்புகின்றனர். 'ஊரில் மணமுடித்து வந்தனர்' என்னும் ஒரு தொடரோடு செய்தி முடிந்துவிடுகிறது. இக்கட்டுரை நேட்டால் தமிழரை முன்வைத்து அத்தொடரை ஐயுறுகிறது.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் செல்ல வேண்டும் என்பது பின்னர் விதியாயிற்று. விதிக்கேற்பப் பெண்களைத் திரட்டுவது ஆள்பிடிப்போருக்கு எளிதாக இல்லை. கைம்பெண்களும், கணவனை நீங்கியவர்களும், பஞ்சத்தால் ஊர் நீங்கியவர்களும் அவ்வெண்ணிக்கையை நிரப்பினர். கப்பலேறுமுன் தங்கிய முகாமில் ஒருவரையொருவர் புதிதாக அறிந்து 'கணவன், மனைவி' என்று பதிந்துகொண்டவர்களும் இருந்தனர். அவ்வாறு பதிந்தோருக்குப் பயன் இருந்தது. தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பும்போது குடும்பத்தைப் பிரிக்கலாகாது என்பது விதி. தனியாகச் சென்ற பெண்ணுக்கு அக்காப்பு இல்லை.

தொல்காப்பியக் கற்பியலின் தொடக்கம் இங்கு நினைக்கத்தக்கது. கொடுத்தற்குரியோர் கொடுப்ப, கொள்ளுதற்குரியோன் கொள்வதே கற்பு எனக் கூறும் ஆசிரியர், உடன்போக்கு நிகழ்ந்தவிடத்துக் கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என அடுத்து விதிக்கிறார். இவ்விதியை நாம் பாலை நிலத்துக் காதலரோடு மட்டும் பொருத்திப் படித்துப் பழகிவிட்டோம். முகாமில் நிகழ்ந்த மணங்களும் கொடுப்போர் இல்லாத மணங்களே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சங்க உடன்போக்கில் களவு முந்தியது, கரணம் பிந்தியது. முகாமில் பதிவு முந்தியது. அன்பு அமைந்திருப்பின் அது கப்பலிலோ கரும்புத் தோட்டத்துக் குடிசையிலோ பின்னர் அமைந்திருக்க வேண்டும். களவைக் கற்புக்குப் பின் வைக்கும் இவ்வரிசைக்கு நம் இலக்கணத்தில் பெயரில்லை.

பொய்யும் பிழையும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்றும் அவ்வியல் கூறுகிறது. நேட்டால் அரசும் அவ்வாறே எண்ணியது போலும். 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டத்தின்படி, இந்தியக் குடியேறிகளின் மணம் காப்பாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். தாலி கட்டியதும் ஊரார் கூடியதும் சட்டத்தின் கண்ணுக்குப் போதவில்லை. கொடுப்போரின் இடத்தில் எழுத்தர் ஒருவர் அமர்ந்தார்.

தமிழிலக்கியம் இவர்களை எவ்வாறு கண்டது? பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பிஜித் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதது. 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதி அடையும் சிதைவை எழுதியது. இரண்டும் பெரும் படைப்புகள், இரண்டும் நேர்மையானவை. எனினும் அவற்றின் இரக்கம் நம் திறனாய்வில் ஒரு வாய்பாடாக இறுகிவிட்டது. கடல் கடந்த பெண் என்றாலே துன்புற்றவள் என்று எழுதிப் பழகினோம். அவள் ஒருவனை விரும்பினாளா, ஒருவனை விட்டு நீங்கினாளா என்னும் வினாக்களை நாம் எழுப்பவில்லை. வழித்தோன்றலின் பக்தி ஒருபுறமும் நம் இரக்கம் மறுபுறமும் நின்று அவளுடைய தேர்வை மறைக்கின்றன.

இவ்விடத்தில் தமிழ்ச்சூழலுக்குப் புறம்பான ஒரு நூல் உதவுகிறது. காயத்ரா பகதூரின் 'கூலி உமன்' (2013), 1903இல் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குக் கணவனின்றிக் கருவுற்ற நிலையில் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியைத் தேடிச் செல்கிறது. ஆவணம் விடைதராத இடங்களில் ஆசிரியர் கதை கட்டுவதில்லை. பக்கக்கணக்கில் வினாக்களை மட்டும் அடுக்குகிறார். சிலருக்கு இவ்வுத்தி அயர்வூட்டலாம். எனக்கு அது அறமாகப் படுகிறது. பெண்கள் குறைந்த தோட்டங்களில் அவர்களுக்கு ஓரளவு தெரிவுரிமை வாய்த்தது என்பதையும், அத்தெரிவின் பொருட்டே ஆண்கள் அவர்களை வெட்டிக் கொன்றனர் என்பதையும் அந்நூல் ஒருங்கே கூறுகிறது. நம் வாய்பாடு இவ்விரண்டில் ஒன்றையே தாங்கும்.

குடும்பம் அமைந்த பின்னரும் அதனை அளந்தது பணமே. ஒப்பந்தத்தின் முதலாண்டில் ஆணின் மாதக்கூலி பத்து ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. பின்னர் அது பதினாறு வயது நிரம்பிய மகன்களுக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய மகள்களுக்கும் விரிந்தது. பெண்ணொருத்தி முதலாண்டு முழுதும் உழைத்து ஈட்டிய கூலியும் அதே மூன்று பவுன்தான். மகள் பருவமெய்துவது அவ்வீட்டில் வரிச்செய்தியும் ஆயிற்று.

1913 மார்ச்சில் கேப் உயர்நீதிமன்ற நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்துக்கு இடமளிக்கும் சமயங்களின் சடங்குப்படி நிகழ்ந்த மணங்கள் சட்டப்படி செல்லா எனக் கொள்ளச் செய்தது. அவ்வாண்டுச் சத்தியாகிரகத்தில் திரான்சுவாலிலிருந்து எல்லை கடந்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களுள் பெரும்பாலோர் தமிழர். சிறைசென்று 1914 பிப்ரவரி 22இல் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் நாட்டுப்பற்றின் உருவாகப் போற்றுகிறோம். அது தவறன்று. ஆயின் அப்பெண்கள் காத்துநின்றவற்றுள் தம் மணத்தின் மதிப்பும் ஒன்று என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தாயர் கொடாத மணத்தைச் சட்டமும் கொடாது என்றபோது, மணந்தவளே தெருவுக்கு வந்து அதனைக் கேட்டாள். 1914ஆம் ஆண்டின் சட்டம் ஒருதார மணத்தை ஏற்றது. மூன்று பவுன் வரியையும் நீக்கியது.

டர்பனிலிருந்து வந்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் கப்பற்பட்டியலின் படியொன்றை என்னிடம் காட்டி, அதிலிருந்த ஊர்ப்பெயரைப் படித்துச் சொல்லுமாறு கேட்டார். ஆங்கில எழுத்தர் கேட்டவாறு எழுதிய அப்பெயர் எனக்குப் பிடிபடவில்லை. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலடையாளம் என நிரல்கள் நீண்டன. அவர் எழுதிவந்த குடிவரலாற்றில் அவருடைய கொள்ளுப்பாட்டி ஒருவரின் மனைவியாக மட்டும் இடம்பெற்றிருந்தார். பட்டியலிலோ அப்பெண் தனி எண்ணோடும், தன் தந்தை பெயரோடும், இடது கன்னத்துத் தழும்போடும் நின்றாள். கணவர் எனக் கருதப்பட்டவரின் எண் அவளுடைய எண்ணுக்கு அடுத்ததாக இல்லை; நாற்பதுக்கு மேல் தள்ளியிருந்தது. 'முகாமில் சந்தித்திருப்பார்களோ, கப்பலிலோ?' என்று கேட்டேன். அவர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த அதிகாரத்தை மீண்டும் எழுத வேண்டும் என்றார்.