நாணல் வேலியும் உணவு வட்டிலும்
(தாஹா ஹுஸைனின் 'அல் அய்யாம்' பற்றி ஒரு திறனாய்வு)

அரபு மொழியில் தன்வரலாறு எழுதும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் உள்ளத்தை அலைக்கழித்த ஐயங்களையும், அவற்றினின்று மீண்ட வகையையும் 'அல் முன்கித் மினள் ளலால்' என்னும் சிறு நூலில் எழுதி வைத்தார்கள். சிலுவைப் போர்க் காலத்தில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித், போரும் வேட்டையும் நிறைந்த தம் நீண்ட வாழ்க்கையை 'கிதாபுல் இஃதிபார்' ஆக்கினார். முன்னவர் உரைத்தது அறிவுக்கு நேர்ந்த சோதனை. பின்னவர் உரைத்தது உலகியலில் நேர்ந்த சோதனை. உடலில் நேர்ந்த குறையொன்று ஒரு சிறுவனின் உள்ளத்தை எவ்வாறெல்லாம் வடிக்கிறது என்பதை அறிய விரும்புவோர் நம் காலத்துக்கு அண்மையில் எழுந்த 'அல் அய்யாம்' என்னும் நூலையே நாட வேண்டியிருக்கிறது. 'நாட்கள்' என்பது அத்தலைப்பின் பொருள்.

இந்நூலாசிரியர் தாஹா ஹுஸைன் 1889இல் மேல் எகிப்தில், மகாகா என்ற ஊரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். மழலை மாறாப் பருவத்தில் கண்நோய் கண்டது. வீட்டார் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஊர் நாவிதரின் வைத்தியத்துக்கு விட்டனர். பார்வை போயிற்று. அந்தச் சிறுவர் குர்ஆனை மனனம் செய்தார், 1902இல் அல் அஸ்ஹர் சென்றார், அங்கிருந்து எகிப்தியப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1914இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் டாக்டர் பட்டத்தைப் பெற்றார், பிரான்சு சென்று இப்னு கல்தூனைப் பற்றி ஆராய்ந்தார், 1950 முதல் 1952 வரை எகிப்தின் கல்வி அமைச்சராக இருந்தார், 1973இல் மறைந்தார். 'அல் அய்யாம்' முதற் பகுதி 1929இல் நூலுருப் பெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து இரண்டாம் பகுதி வந்தது. மூன்றாம் பகுதி 1950களில் வார இதழொன்றில் தொடராக வந்து, பிற்பாடு நூலாயிற்று.

இவ்வரலாற்றைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவரில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். கண்ணற்ற ஏழைச் சிறுவன் முயற்சியால் அமைச்சரானான். ஆகவே இது விடாமுயற்சிக்கு ஓர் இலக்கணம் என்று பாராட்டிவிட்டு நூலை மூடிவிடுகின்றனர். நாம் இக்கருத்தினின்று வேறுபடுகிறோம். முதலிரு பகுதிகளில் அமைச்சர் எங்கும் தலைகாட்டுவதில்லை. அங்கே நாம் சந்திப்பது தன் குறையை மறைக்க முயன்று, மறைக்க மறைக்கச் சிறுத்துப் போகும் ஓர் உயிரைத்தான். மறைப்பினால் விளையும் துன்பமும், பிறர் முன் தன்னைத் திறப்பதால் வரும் விடுதலையுமே இந்நூலின் உட்பொருள் என்பது நம் துணிபு.

நூலின் தொடக்கத்தில் வீட்டெதிரே ஒரு நாணல் வேலி நிற்கிறது. அது சிறுவனின் உயரத்துக்கு மேற்பட்டது, கழிகளோ நெருக்கமானவை. அவனால் ஊடே நுழைந்து போக முடியாது. முயல்கள் மட்டும் தாவியும் நுழைந்தும் எளிதாக அப்பால் போகின்றன. அவற்றைக் கண்டு, அல்ல, கேட்டு, அவன் பொறாமைப்படுகிறான். உலகம் எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு அவனிடமிருந்த விடை அந்த வேலிதான். ஆசிரியர் இதற்கு உருவகப் பொருள் எதுவும் கூறவில்லை. வேலியை வேலியாகவே நிறுத்திவிட்டு அப்பால் செல்கிறார். படிப்பவரே நூல் முழுவதும் அவ்வேலியைத் தேடிச் செல்ல நேர்கிறது.

அவ்வேலி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதை ஓர் உணவு வேளை காட்டுகிறது. குடும்பத்தார் கூடி உண்கின்றனர். ஒரு கையால் கவளம் எடுக்கும் வழக்கத்தை விட்டு இரு கைகளாலும் எடுத்தால் என்ன என்ற எண்ணம் சிறுவனுக்கு உண்டாகிறது, அவ்வாறே செய்கிறான். உடன்பிறந்தார் உரக்கச் சிரிக்கின்றனர். தாய் அழுதுவிடுகிறாள். தந்தையோ துயரம் தோய்ந்த மெல்லிய குரலில் திருத்துகிறார். அவ்வளவே நிகழ்ச்சி. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் நம் வீட்டாருக்கு இதன் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. சிரிப்பைக்கூட அவன் தாங்கியிருப்பான். தாயின் கண்ணீரையும் தந்தையின் மென்மையையும் தாங்க முடியவில்லை. அன்று முதல் கரண்டியால் உண்ணும் உணவையெல்லாம் தனக்குத் தானே விலக்கிக்கொள்கிறான். இருபத்தைந்து வயது கடக்கும் வரை அவ்விலக்கு நீங்கவில்லை என்றும் ஆசிரியர் குறிப்பிடுகிறார்.

அதே இடத்தில் அபுல் அலா அல் மஅர்ரீயை அவர் நினைவுகூர்கிறார். கி.பி. 973இல் பிறந்து 1057இல் மறைந்த அப்பெருங்கவிஞரும் சிறு வயதில் அம்மையால் பார்வை இழந்தவர். ஒருநாள் பழப்பாகு உண்ணுகையில் சிறிது மார்பில் சிந்தியதை மாணவர் சுட்டிக்காட்ட, அன்றோடு அவ்வுணவையே துறந்தவர். பிறர் காண உண்பதற்கு நாணித் தனித்து உண்டவர். பக்தாதிலிருந்து மீண்டபின் வாழ்வின் எஞ்சிய அரை நூற்றாண்டளவும் வீட்டை விட்டு நீங்காது, தம்மை இரு சிறைகளின் கைதி என அழைத்துக்கொண்டவர். தாஹா ஹுஸைன் 1914இல் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இவரைத்தான். 'சிறையில் அபுல் அலாவுடன்' என்ற பொருள்படும் தலைப்பில் பின்னும் ஒரு நூல் எழுதினார். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பொருள் தேர்ந்தார் என்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. தாம் எங்கே போய்ச் சேரக்கூடும் என்பதை அவர் முன்கூட்டியே கண்டுகொண்டார். அந்த இருட்டறைக்குள் விளக்கோடு நுழைந்து பார்த்தார்.

தன்னை அறிதல் என்னும் இவ்வரிய செயலுக்கு அவர் கையாண்ட உத்தி கவனிக்கத்தக்கது. நூல் நெடுகிலும் 'நான்' என்ற சொல்லால் அவர் தம்மைக் குறிப்பதில்லை. 'அவன்', 'சிறுவன்', 'நம் தோழர்' என்றே கூறிச் செல்கிறார். இதைப் பணிவு என்பாரும் உளர். கதைச்சுவைக்காகச் செய்தது என்பாரும் உளர். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. 'நான்' என்று தொடங்கினால் நாணம் நாவைக் கட்டிவிடும்; இல்லையேல் தன்னிரக்கம் மடை திறந்துவிடும். 'அவன்' என்று ஓரடி விலகி நின்றதாலேயே கவளத்தின் கதையைக் கூசாமலும் குழையாமலும் அவரால் சொல்ல முடிந்தது. இரக்கம் கோராமல் துன்பத்தைச் சொல்லும் கலையை இந்நூலிடம் எழுத்தாளர் கற்கலாம்.

அஸ்ஹரில் பெயர் பதிவதற்கான தேர்வில் நடந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். தேர்வாளர் சிறுவனின் பெயரைக் கேட்கவில்லை. 'குருடா' என்று விளித்தே ஓதச் சொல்கிறார். அதே விளியோடு வாழ்த்தி அனுப்புகிறார். வீட்டில் எவரும் தன் முன் எடுக்காத சொல்லை, கல்வியின் வாயிலில், மார்க்கம் கற்றவர் வாயால் அவன் கேட்கிறான். திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமாகிய 'அபஸ'வை அத்தேர்வாளர் ஓதாதவராக இருக்க முடியாது. குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அறிவு நாடி வந்த கண்ணிழந்த ஒருவரிடம் முகம் காட்டாததற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்களையே இறைவன் இடித்துரைத்த அத்தியாயம் அது. அந்த அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பின்னர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபிகளார் வெளியூர் சென்ற வேளைகளில் நகரின் பொறுப்பையும் ஏற்றார். ஓதியது ஓர் இடத்திலும் உள்ளம் வேறோர் இடத்திலும் இருந்தால் நேர்வது என்ன என்பதற்கு அத்தேர்வு அறை ஒரு சான்று.

இனி, அன்பு இந்நூலில் நுழையும் இடத்துக்கு வருவோம். கப்பலிலும் பிரான்சிலும் பொது மேசைக்குப் போக மறுத்து, உணவைத் தம் அறைக்கே வரவழைத்து உண்டவர் தாஹா ஹுஸைன். அவ்வழக்கம் எப்போது ஒழிந்தது? தம் வருங்கால மனைவியோடு நிச்சயமான பிறகே என்று, கவளக் கதையைச் சொன்ன அதே அத்தியாயத்தில் போகிற போக்கில் கூறிவிடுகிறார். முதற் பகுதியின் அந்தச் சிறு குறிப்புக்கு விரிவுரை மூன்றாம் பகுதியில் இருக்கிறது. மோன்பெலியே நகரில் அவருக்காக நூல்களை வாசித்துக் காட்ட வந்தவர் சூஸான் என்ற நங்கை. முதலில் ஒரு குரல். பிறகு ஒரு நட்பு. தம் காதலை அவர் தெரிவித்தபோது அந்நங்கை உடனே இசைந்துவிடவில்லை. 1917இல் அவர்கள் திருமணம் நடந்தது. கணவர் மறைந்த பின் சூஸான் எழுதிய நினைவு நூல் 'மஅக', அதாவது 'உன்னோடு', என்ற பெயரில் 1979இல் அரபியில் வெளிவந்தது.

பிறர் கண்ணுக்கு அஞ்சி வாழ்ந்தவர் ஒருவரின் கண் முன் அஞ்சாமல் உண்ணத் துணிந்தார் என்பதே இங்கு அன்பின் இலக்கணம். உணர்ச்சி ததும்பும் சொல் எதுவும் இவ்விடத்தில் இல்லை. மஅர்ரீக்கும் இவருக்கும் அறிவில் அத்துணை வேறுபாடு இல்லை. நாணத்திலும் வேறுபாடு இல்லை. ஒருவர் சிறைக்குள் இருந்துவிட, மற்றவர் வெளியே வந்தது அறிவாற்றலால் மட்டும் நிகழ்ந்ததன்று. கதவைத் தட்டிய குரல் ஒன்று இருந்தது. திறக்கும் துணிவும் இருந்தது.

முதற் பகுதியின் இறுதி அத்தியாயம் இதற்கு முத்திரை வைக்கிறது. ஆசிரியர் தம் ஒன்பது வயது மகளோடு பேசுகிறார். கண்களை இழந்த ஈடிபசு மன்னனை மகள் கைபிடித்து நடத்திச் செல்லும் கிரேக்கக் கதையைக் கேட்டு அக்குழந்தை அழுதிருக்கிறாள். தன் தந்தையின் சாயலை அம்மன்னனிடம் அவள் கண்டுவிட்டாள் என்பது அவருக்குப் புரிகிறது. பிறகு, அஸ்ஹரின் ரொட்டியையும் கரும்பாகையும் உண்டு நாட்களை ஓட்டியதையும், ஊரில் இருந்த பெற்றோர் வருந்தாதிருக்க நலமாயிருப்பதாகப் பொய் சொன்னதையும் மகளிடம் கூறுகிறார். அந்நிலையிலிருந்து இந்நிலைக்கு, அவநம்பிக்கையிலிருந்து நம்பிக்கைக்குத் தம்மைக் கொணர்ந்தவர் அவளுடைய தாயே என்று முடிக்கிறார். அமைச்சராவதற்கு இருபதாண்டுகளுக்கு முன் எழுதிய வரிகள் இவை. நம்பிக்கை என்று அவர் கண்டது பதவியை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நிறை கூறிய நாம் குறை கூறாதிருத்தல் நீதியன்று. மூன்றாம் பகுதியில் முதலிரு பகுதிகளின் செறிவு இல்லை. பேராசிரியர்களும் தேர்வுகளும் உதவிப்பணச் சிக்கல்களும் நெருங்கி வந்து, 'அவன்' என்ற உருவம் மங்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்று முதற் பகுதியிலேயே உண்டு. மக்தபில் குர்ஆன் கற்பித்த 'ஸய்யிதுனா'வை ஆசிரியர் ஈவிரக்கமின்றி எள்ளி நகையாடுகிறார். அந்த உஸ்தாதும் ஏறத்தாழப் பார்வையற்றவரே. எஞ்சிய ஒரு சிறு ஒளியை நம்பி, தமக்குக் கண் தெரிவதாகக் காட்டிக்கொண்டு, இரு மாணவர்களின் தோளில் கைபோட்டு நடந்தவர். அவருடைய பேராசையும் பொய்ச் சத்தியமும் கண்டிக்கத்தக்கவையே. ஆயினும், குறையை மறைக்கும் மனத்தின் வேதனையைத் தம்மிடத்தில் அத்துணை நுட்பமாக அறிந்தவர், அதே வேதனையைத் தம் ஆசிரியரிடத்தில் காணத் தவறியது ஏன்? கவளத்துக்காகச் சிரித்த உடன்பிறந்தாரின் சிரிப்புக்கும் இச்சிரிப்புக்கும் எத்துணை தூரம்? தன்னை அறிந்தவன் பிறனையும் அறிவான் என்ற விதி இவ்விடத்தில் பிழைத்துவிட்டது.

1926இல் இவர் வெளியிட்ட ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றிய நூல் எகிப்தில் பெரும் புயலை எழுப்பியது. அரசு வழக்குத் தொடுப்புத் துறையின் விசாரணை வரை சென்றது. மறு ஆண்டே திருத்திய வடிவில் வேறு பெயரோடு வந்தது. அந்நூலின் முடிவுகளை நாமும் ஏற்கவில்லை. அதனைக் காரணம் காட்டி 'அல் அய்யா'மையும் ஒதுக்குவோர் நம் மதரஸாக்களில் உளர். ஒரு நூலின் பிழைக்கு மற்றொரு நூலைத் தண்டித்தல் திறனாய்வு ஆகாது. அல்ஃபிய்யாவை மனனம் செய்ய முடியாமல் திணறும் சிறுவனை இந்நூலில் சந்திக்கும் நம் மாணவர், தம்மையே சந்திப்பர். நடையும் எளியது, ஆனால் நீர்த்ததன்று.

மாணவரினும் ஆசிரியர்க்கே இந்நூல் மிகுதியும் வேண்டும் என்போம். திக்குவாயை மறைக்க மௌனம் காப்பவன், கிழிந்த கைலியை மறைக்கப் பின்வரிசையில் அமர்பவன், மறதியை மறைக்கப் பொய் சொல்பவன் என நம் வகுப்புகள் தோறும் வேலிக்குள் நிற்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதா, குறை சொல்லி அழைப்பதா என்ற தேர்வு ஒவ்வொரு காலையிலும் நம் நாவில் இருக்கிறது. அத்தேர்வில் நாம் தவறாதிருக்க இந்நூல் துணைசெய்யும்.