இருண்மை: ஒரு சொல்லும் அதன் பொறுப்பும்

நமது கவிதை விமர்சனங்களில் அடிக்கடி தலைகாட்டும் சொற்களுள் ‘இருண்மை’யும் ஒன்று. விளங்காத கவிதை எதுவாயினும் அதன்மீது இச்சொல் ஒட்டப்பட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஒப்ஸ்கியூர்’ எனப்படும் பெயரடையின் கருத்தையே நாம் இவ்வாறு தமிழாக்கிக் கொண்டுள்ளோம். சொல்லை எடுத்துக்கொண்ட நாம், அதனோடு வரும் பொறுப்பையும் எடுத்துக்கொண்டோமா என்பதே எனது கேள்வி.

இந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு இருண்டது என்பதே பொருள். அதிலிருந்து இரு பொருள்கள் கிளைத்துள்ளன. ஒன்று, எளிதில் விளங்காதது. மற்றையது, பலராலும் அறியப்படாதது. தோமஸ் ஹார்டியின் ‘ஜூட் த ஒப்ஸ்கியூர்’ (1895) நாவலின் தலைப்பில் இருப்பது இரண்டாவது பொருளாகும். பல்கலைக்கழகக் கனவோடு வாழும் கல்தச்சனான ஜூட், விளங்காத மனிதனல்லன். உலகம் கண்டுகொள்ளாத மனிதன். குறை அவனிடமல்ல, அவனைப் பாராதோரிடமே உள்ளது. ஆக, இச்சொல் பொருளைப் பற்றி மட்டுமன்றிப் பார்ப்பவனைப் பற்றியும் பேசுகிறது.

விளங்காமைக்கு ஆங்கிலத்தில் வேறு பெயரடைகளும் உள. ‘வேக்’ என்பது எல்லை தெரியாதது. ‘எங்கோ ஏதோ ஒரு வலி’ என்று ஒருவர் எழுதினால் அது இவ்வகை. எழுதியவருக்கே அது என்ன வலி என்று தெரியாதிருக்கலாம். ‘அம்பிகுவஸ்’ என்பது ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருவது. ‘மாலை வாடுகிறது’ என்றால் வாடுவது பூமாலையா, அந்திப் பொழுதா? இரண்டுமே தெளிவு, எதைக் கொள்வது என்பதிலேதான் மயக்கம். இந்த மயக்கம் கவிதைக்குப் பலமாகலாம் என்பதை வில்லியம் எம்ப்சன் தனது 24ஆவது வயதில், 1930இல் வெளியிட்ட நூலில் ஏழு வகைகளாகப் பிரித்துக் காட்டினார். நாமோ இவை எல்லாவற்றையும் ‘இருண்மை’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

சரி, உண்மையான இருண்மை எது? ரி. எஸ். எலியட்டின் ‘த வேஸ்ட் லாண்ட்’ (1922) கிரெயில் ஐதீகம் முதல் உபநிடதம் வரை தொட்டுச் செல்கிறது. அவற்றை அறியாதவனுக்கு அது இருட்டு. நூலாக வெளிவந்தபோது எலியட்டே குறிப்புகளையும் சேர்த்திருந்தார். தேடிப் படித்தால் இந்த இருளில் ஒரு பகுதி விலகும். வில்லியம் பிளேக்கின் ‘நோயுற்ற ரோஜா’ (1794) இதற்கு நேர்மாறானது. எட்டே வரிகள். அதில் ஒரு ரோஜா, ஒரு புழு, ஓர் இரவு, ஒரு புயல். அகராதி தேவையில்லை. ஆயினும் அந்தப் புழு எது என்பதற்கு இன்றும் ஒற்றை விடை இல்லை. கடினமான சொற்களே இருண்மைக்குக் காரணம் என்று கருதுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதே பெயரடை ‘கமரா ஒப்ஸ்கியூரா’ என்ற பெயரிலும் உண்டு. இருட்டறை என்பது பொருள். பதினோராம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் சூரிய கிரகணத்தின் வடிவத்தை ஆராய்ந்தபோது, சிறு துவாரத்தினூடாக வரும் ஒளி எவ்வாறு உருவம் சமைக்கிறது என்பதை விளக்கினார். அறை இருட்டாக இருப்பதாற்றான் சுவரில் விழும் உருவம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் துவாரம் வேண்டும். துவாரமில்லாத அறை வெறும் இருட்டு மட்டுமே. கவிதைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்பேன். பிளேக்கின் கவிதையில் துவாரம் இருக்கிறது. பெயர்பெற்ற பலரது பெரிய வார்த்தைக் குவியல்களில் அது இல்லை.

கிராமத்துப் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவன் என்ற வகையில் இதன் விளைவை நான் நேரில் கண்டிருக்கிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் கவிதைகளுக்கு ஒரு கூட்டத்தில் ‘இருண்மை’ என்ற ஒற்றைச் சொல்லே தீர்ப்பாகக் கிடைத்தது. எந்த வரி, ஏன் என்று எவரும் சொல்லவில்லை. அதன்பின் அவள் எழுதுவதை விட்டுவிட்டாள். அதே சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, சொல்ல எதுவுமில்லாத சிலர் தொகுதிமேல் தொகுதி போடுகிறார்கள். ஒரே சொல் ஒருத்தியை வாய்மூட வைக்கிறது. இன்னொருவரைக் கேள்விக்கு அப்பால் நிறுத்துகிறது.

‘மயங்க வைத்தல்’ நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்று என்கிறது நன்னூல். ‘விளங்க வைத்தல்’, ‘ஆழமுடைத்தாதல்’ இரண்டையும் பத்து அழகுகளுக்குள் வைக்கிறது. தெளிவும் ஆழமும் பகையல்ல என்பதே இதன் கருத்தாகும்.

எனவே விமர்சகர்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. இருண்மை என்று எழுதும்போது அடுத்த வரியையும் எழுதுங்கள். இருள் எந்த இடத்தில் இருக்கிறது? கவிஞரின் கைத்தவறா, கவிதையின் தேவையா, அல்லது வாசித்த நமது அறிவின் போதாமையா? இதைச் சொன்ன பின்னர்தான் அது விமர்சனமாகும்.